நூலகச் சாவி கேட்டு நம் ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும், துணைத் தலைவருக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். மேட்டுத் தெரு மருமகள். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் என்னை 'டியூஷன் டீச்சர்' என்கிறார்கள். டியூஷன் இல்லை, காசு வாங்குவதில்லை என்று வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெயர் மாறவில்லை, போகட்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமம் என்பதற்கு மேல் இந்தக் கடிதத்தில் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ எழுதவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைத்து எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ரேஷன் கடைக்குப் பக்கத்தில், மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற ஊராட்சி நூலகத்தின் சாவி. தினமும் சாயங்காலம் இரண்டரை மணி நேரத்துக்கு. அந்தக் கட்டடம்தான் ஏன் வேண்டும், கோயில் மண்டபம் ஏன் ஆகாது என்று போன கிராம சபையில் கேட்டீர்கள். எனக்கு மைக் பிடித்துப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

என் மேல் இருக்கிற தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. மூன்றாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஐந்தாவதில் வந்து உட்கார்ந்து, 'அம்மா' என்று எழுதச் சொன்னால் எந்த 'ம'வுக்குப் புள்ளி வைப்பது என்று என் முகத்தைப் பார்த்தது. அதற்கு ஐந்து நாள் முன்னால்தான், அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் தன்னார்வலராகப் பதிந்தேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய். இடத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு எதிரே பிள்ளையார் கோயில் மண்டபம். ஃபேன் இருக்கிறது, டியூப்லைட் இருக்கிறது, சிமெண்ட் தரை. ஐந்து படி ஏறினால் வகுப்பு.

முதல் நாளே இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். பதினெட்டுப் பேர் மேட்டுத் தெரு, இரண்டு பேர் பஜனைக் கோயில் தெரு. ஊரே வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பட்டியலைத் தெரு வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அதுவும் தானாகத் தோன்றவில்லை. மண்டபத்துக்கு எதிரில் தெருவிளக்குக் கம்பத்தை ஒட்டி ஒரு பையன் தினமும் நிற்பான். காலனிப் பையன், நாலாவது. கையில் ஆட்டுக்குத் தழை இருக்கும், ஆடு எங்கேயோ இருக்கும். நாங்கள் வாய்ப்பாடு சொல்லும்போது அவன் உதடும் அசையும். ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டில் எட்டேழு எவ்வளவு என்று கேட்டேன். மேலே யாருக்கும் வரவில்லை. கீழே ரோட்டிலிருந்து "அம்பத்தாறு" என்று குரல் வந்தது. "மேல வாடா" என்றேன். அவன் படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பரவால்ல மிஸ். இங்கியே நல்லா கேக்குது" என்றான்.

மறுநாள் அவன் ஆயா வந்தார். படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, சின்னப் பையன், தெரியாம வந்துட்டான், இனிமே வரமாட்டான்" என்றார். எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ராத்திரி மாமியாரிடம் கேட்டேன். "அவங்க வயசுல அந்தப் படியில என்ன பார்த்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடினார். மேற்கொண்டு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

"யாராவது வராதேன்னு சொன்னாங்களா?" என்று போன கிராம சபையில் ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து கேட்டார். சொல்லவில்லைதான். நானே கூப்பிட்டேன், அப்படியும் அவன் ஏறவில்லை. பத்து வயதுப் பையனுக்கு அந்த ஐந்து படி பற்றி நம் எல்லோரையும்விட அதிகம் தெரிந்திருக்கிறது. கோயில் இருக்கட்டும், மண்டபம் இருக்கட்டும், நானும் அங்கே விளக்கு போடுகிறவள்தான். வகுப்பு அங்கே இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் வாதம்.

சரி, காலனிக்குத் தனியாக ஒரு மையம் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அப்போது சொன்னார்கள், வைத்தார்கள். காலனியிலிருந்து காலேஜ் போகிற ஒரு பெண் நடத்தினாள். என்னைவிட நன்றாகவே நடத்தினாள், பாட்டும் கோலாட்டமும் அவளுக்கு இயல்பாக வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பகலில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளைகளை, சாயங்காலம் ஐந்து மணிக்கு நாம் ஜாதி பார்த்துப் பிரித்து அனுப்பினோம். திட்டத்தைக் குறை சொல்லவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகளை அது எழுத்துக்கூட்ட வைத்தது. ஆனால் தெருவுக்கொரு மையம் என்று சொன்னால், தமிழ்நாட்டில் தெரு எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ மையமும் அப்படியே பிரிந்துதான் அமையும். இதைப் பயிற்சியில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இதில் ஏரிக்கரை இருளர் பழங்குடிக் குடியிருப்புக்கு மையமே கிடையாது. பதினோரு வீடு, இருபது பிள்ளை தேறாது என்று விட்டுவிட்டோம்.

பிறகு நம் ஊரில் இரண்டு மையமும் நின்றுபோயின. நான் நிறுத்தவில்லை. இடம்தான் மாற்றினேன். போன வருஷம் ஆனி மாதம் பாயைச் சுருட்டிக்கொண்டு நூலகத் திண்ணைக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை மனதில் நடந்து பாருங்கள். மேட்டுத் தெரு முடிகிற இடம், காலனி ரோடு தொடங்குகிற இடம், ஏரிக்கரைப் பாதை வந்து சேருகிற இடம். எல்லா ஜாதியும் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற இடம். தண்ணீர் திறந்துவிட வருகிற ஆபரேட்டர் முதல் ஆடு ஓட்டுகிறவர் வரை எல்லோரும் ஒதுங்குகிற நிழல். அந்த இடத்துக்கு வர யாரும் யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி கட்டிய நூலகங்களில் ஒன்று அது. இடம் பார்த்தவர் யாரோ, புண்ணியவான்.

இப்போது என் பதிவேட்டில் 41 பிள்ளைகள். மேட்டுத் தெருவும் பஜனைக் கோயில் தெருவும் சேர்த்து 17, காலனி 15, ஏரிக்கரை 9. பழைய பதினெட்டில் சிலர் நின்றுவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். காரணம் சொல்லிக்கொடுக்கிற முறை ஒன்றும் இல்லை. ரேஷன் கடை வாசலில் சாயங்காலம் அவ்வளவு சத்தமாகச் சிரிப்புக் கேட்கிறது, வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று ஒருத்தி சொன்னாள்.

சுண்டல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் டீக்கடையில் பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள். பசியோடு வருகிற பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் சுண்டல் போடலாம் என்று முடிவு செய்தோம். கடலை என் செலவு, வேகவைத்துத் தருவது காலனியிலிருந்து ஒரு தாய். முதல் நாள் மேட்டுத் தெருப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஒரே சமயத்தில் வயிற்று வலி. இரண்டாம் நாள் நாலு பேருக்கு. நான் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து என் பங்கைத் தின்றேன், மாங்காய் போட்டுத் தாளித்திருந்தார், உண்மையிலேயே ருசி. மூன்றாவது வாரம் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதற்குச் சண்டை. அந்த ஆறு பேரில் ஒருவனுடைய அம்மா என் வீட்டுக்கு வந்து, "சுண்டல்ல அது என்ன போடறாங்கன்னு கேட்டுச் சொல்லேன், எங்க வீட்ல வெச்சா இவன் தின்ன மாட்டேங்கறான்" என்றார்.

இது ஒன்றும் புரட்சி இல்லை என்று எனக்குத் தெரியும். நம் மாநிலத்தில் சத்துணவுக்கும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுக்கும் சமைக்கிறவர் யார் என்று பார்த்துச் சாப்பிட மறுத்த ஊர்களும் இருக்கின்றன. நம் ஊரில் அப்படி ஆகவில்லை என்றால், அதற்குக் காரணம் பிள்ளைகளுக்குப் பழகுவதற்கு ஒரு இடம் இருந்ததுதான்.

அடுத்து, இந்தக் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சாயங்காலம்.

போன ஐப்பசியில் பஜனைக் கோயில் தெருவில் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்ததே, நினைவிருக்கும். நல்லவேளையாக ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு வேறு எந்தப் பாடமும் ஏறவில்லை, பாம்புப் பேச்சுதான். எனக்குத் தெரிந்தது பி.எஸ்சி. விலங்கியல் புத்தகத்துப் பாம்பு. ஏரிக்கரையில் ஒரு தாத்தா இருக்கிறார், அவர் வாலிபத்தில் வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர். 1978-லிருந்து இருளர்கள் நடத்தும் சங்கம் அது. நாடு முழுக்கப் பாம்புக்கடி மருந்து தயாரிக்க விஷம் அங்கிருந்து போகிறது. அவரைக் கூப்பிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மண்ணில் குந்தி, ஒரு குச்சியால் தடம் போட்டுக் காட்டினார். இது சாரை போன தடம், இது விரியன் போன தடம். சாரைக்கு விஷம் இல்லை, எலி தின்னும், அதை அடிக்கிறவன் தன் நெல்லைத் தானே எலிக்குக் கொடுக்கிறான். கண்ணாடி விரியன் சீறினால் குக்கர் விசில் மாதிரி நீளமாகக் கேட்கும், கேட்டால் அசையாமல் நில். கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் படுத்தால் படுக்கைக்குள் புகும், கடித்தது வலிக்காது, அதுதான் ஆபத்து. கயிறு போட்டு இறுக்காதே, பிளேடு போடாதே, வாயால் உறிஞ்சாதே, மந்திரிக்கிறேன் என்று உட்காராதே, கைகாலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது ரேஷன் கடை வரிசை அப்படியே திரும்பி எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. மேட்டுத் தெருப் பெரியவர் ஒருவர், பெயர் சொன்னால் அடிக்க வருவார், கடைசியில் இரண்டு சந்தேகம் கேட்டார். "ஏம்பா, வைக்கப்போர்ல இருக்கறது..." என்று ஆரம்பித்து, பாதியில் "ஏங்க" என்று மாற்றிக்கொண்டார். அந்த 'ங்க' என் காதில் விழுந்தது. தாத்தா காதில் விழாமல் இருந்திருக்காது.

தாத்தாவின் பேரன் ஆறாவது படிக்கிறான். வகுப்பில் வாயே திறக்காதவன். மறுநாள் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன் டீச்சர்" என்று கத்தினான். 2023-ல் நம் மாவட்டத்து இருளர்கள் இரண்டு பேர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், பத்மஸ்ரீ வாங்கினார்கள்; அதற்கு முன்பே அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டிவிட்டு வந்தவர்கள் அவர்கள். இதை நான் சொன்னபோது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "எங்க தாத்தா கூடப் போயிருப்பாரு, பாஸ்போர்ட் இல்ல" என்றான் அவன். பாஸ்போர்ட் என்ன, அந்த வீட்டில் சாதிச் சான்றிதழே இல்லை. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் ஆபீஸில்தான் வாங்க வேண்டும், அப்பாவுக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்கள், அப்பாவுக்கு இல்லை. பத்தாவது முடித்த பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே காணாமல் போகிறார்கள் என்று யாராவது கேட்டால், பாதிக் காரணம் அந்தக் காகிதம். இதற்கு ஊராட்சி ஒரு முகாம் கேட்டு மனுக் கொடுக்கலாம். அதைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன், இங்கே கலந்தால் சாவி மறந்துபோகும்.

'எல்லோரையும் உள்ளே சேர்ப்பது' என்று கூட்டங்களில் பேசும்போது, ஒதுங்கி நிற்கிறவர்களை நாம் கைதூக்கி விடுகிறோம் என்ற தொனியில்தான் பேசுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாத்தா வந்த அன்றைக்கு வகுப்பில் ஒன்றும் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

என் மாமியாருக்கு இது புதிதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1990களில் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது காலனியிலிருந்து வந்த ஒரு பெண். பதினேழு வயது இருக்குமாம். லாந்தர் விளக்கு வைத்து, இதே தொட்டி இருக்கிற இடத்தில், அப்போது அது வெறும் மேடு. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளியில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதை எல்லோரும் சொல்வார்கள். நம் ஊரில் சைக்கிள் வரவில்லை. ஆனால் தான் வாங்குகிற கடனுக்குத் தானே கையெழுத்துப் போடுகிற ஒரு மாமியார் எனக்குக் கிடைத்தார். சொல்லிக்கொடுத்தவர் பெயரை இன்றும் 'எங்க டீச்சர்' என்றுதான் சொல்கிறார், அந்த டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர்.

தை பிறந்தால் செங்கல் சூளைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒடிசாவில் பலாங்கீர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். ஆவணியை ஒட்டி வரும் நுவாகாய் என்ற புத்தரிசிப் பண்டிகை முடிந்த கையோடு முன்பணம் வாங்கிக்கொண்டு, பிறகு கிளம்பி வருவதாக ஒரு தாய் சொன்னார், பாதி சைகையில். வந்தால் வைகாசி, ஆனி வரை இங்கேதான். பிள்ளைகள் சுடாத பச்சைச் செங்கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். போன முறை நாலு பேர் திண்ணைக்கு வந்தார்கள். தமிழ் வராது, எனக்கு ஒடியா வராது. ஒரு பெண் குழந்தை விரல் விட்டு எண்ணினாள்: ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச. அடுத்த நாள் நம் பிள்ளைகள் நொண்டி விளையாடும்போது ஏக, துயி, தினி என்று கட்டம் தாண்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது, அதிகம் சொல்ல மாட்டேன். சூளை முதலாளி ஒரு வாரத்தில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார். ஒடியா தெரிந்த ஆசிரியர்களை வைத்து திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் பள்ளிகள் நடந்திருக்கின்றன. நாமும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்கு ஒரு கதவு வேண்டும், ஊராட்சியின் கதவு.

ஏனென்றால் இது தயவுக்குக் கேட்கிற விஷயம் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அது உள்ளாட்சிக்கு, அதாவது உங்களுக்கு, எழுதியது. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் எந்தக் காரணத்துக்காகவும் பாகுபாட்டுக்கு ஆளாகி, படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; எல்லையில் இருக்கிற பதினாலு வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேடு வைத்திருக்க வேண்டும்; புலம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்ய வேண்டும். சூளைப் பிள்ளைகள் நம் பதிவேட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள். 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் விகிதத்தில் இடம். நம் குழுவில் ஏரிக்கரையிலிருந்து ஒரு தாய் உறுப்பினர். மினிட் நோட்டில் அவர் கைநாட்டு ஒவ்வொரு மாதமும் இருக்கிறது. அவர் பேசியது ஒரு வரிகூட இல்லை. வராந்தாவில் நின்று கைநாட்டு வைத்துவிட்டுப் போகிறார். நாற்காலி போட்டு உட்கார வைத்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

படி பற்றி இன்னும் ஒன்று பாக்கி. மூளை முடக்குவாதம் உள்ள பதினோரு வயதுப் பெண் ஒருத்தி மேட்டுத் தெருவில்தான் இருக்கிறாள், என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. வட்டார வள மையத்திலிருந்து பயிற்சி கொடுக்க வீட்டுக்கே வருகிறார்கள், அரசு கொடுத்த சக்கர நாற்காலி இருக்கிறது. மண்டபத்தில் நான் வகுப்பு நடத்திய அத்தனை நாளும் அவள் ஜன்னலில்தான் இருந்தாள். காலனிப் பையன் ஏறாத படி, அவளாலும் ஏற முடியாத படி. நூலகத்துக்கு இரண்டே படி. பழைய வண்டிப் பலகையைச் சாய்த்து வைத்து நாற்காலியை ஏற்றுகிறோம். பையன்கள் இரண்டு பேர் பின்னால் பிடிக்கிறார்கள். அதில் ஒருவன் அந்த 'அம்பத்தாறு' பையன், இப்போது நல்ல உயரம். கொத்தனார் வேலை செய்கிற ஒரு தகப்பன் சாய்தளம் கட்டித் தருகிறேன், கூலி வேண்டாம் என்கிறார். சிமெண்ட்டும் ஜல்லியும் ஊராட்சி கொடுக்க வேண்டும், முக்கியமாக அனுமதி கொடுக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுக் கட்டடத்தில் அது இருந்தே ஆகவேண்டியது.

இனி யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். "இப்பவே ஒண்ணா உக்கார வெச்சா, நாளைக்கு வயசுக்கு வந்த பிறகு என்ன ஆகும்?" இதை என் முகத்துக்கு நேரே கேட்டவர் ஒருவர்தான், முதுகுக்குப் பின்னால் கேட்கிறவர்கள் நிறைய. நான் திருப்பிக் கேட்கிறேன், பிரித்து உட்கார வைத்தால் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு பட்டியல் சாதி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு ஒருநபர் குழு அமைத்தது. அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயரில் ஜாதி வேண்டாம், கையில் ஜாதிக் கயிறு வேண்டாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் பள்ளிக்கூட மணி அடித்ததும் பையன் போகிற இடம் தெரு. கயிறு கட்டிவிடுகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஐந்து மணிக்கு அவன் வேறு எங்கே போகலாம் என்பதற்கு ஊரில் ஒரு இடமாவது இருக்க வேண்டாமா?

செலவு என்ன ஆகும் என்று துணைத் தலைவர் கேட்பார். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். 1948 சட்டத்திலிருந்து வருகிற வழக்கம். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது, ஊராட்சி நூலகத்துக்கு அதிலிருந்து நேராக வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வரி கட்டுகிற ஊருக்கு ஒரு அறையைத் திறந்து வைக்கச் சொல்வது பேராசை இல்லை. உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் மூட்டை, கொசுமருந்து மிஷின், உடைந்த டியூப்லைட், அதற்குப் பின்னால் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். மூட்டையைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற மோட்டார் ரூமுக்கு மாற்ற அரை நாள் வேலை, பையன்கள் தயார். இரண்டு லைட், ஒரு ஃபேன், கரண்ட் பில், சாய்தளத்துக்கு சிமெண்ட். எனக்குச் சம்பளம் வேண்டாம். மாதம் ஒருநாள் வந்து பேசுகிறவர்களுக்கு, பாம்பு தாத்தா மாதிரி, கிராம சுகாதார செவிலியர் மாதிரி, ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள், சும்மா வா என்று கூப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவசரம் ஏன் என்றால், மழை. ஐப்பசி, கார்த்திகையில் திண்ணையில் சாரல் அடிக்கும். போன வருஷம் அந்த இரண்டு மாதத்தில் வகுப்பு நடந்தது பதினாறு நாள்தான். மழை நாளில் மேட்டுத் தெருப் பிள்ளைகளைப் பெற்றோர் மண்டபத்துக்கு அனுப்பி, "அங்கியே வெச்சுக்க" என்றார்கள். நானும் ஒருநாள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வந்தது பதினொரு பேர், எல்லோரும் ஒரே தெரு. ஒரு மழையில் பழைய இடத்துக்கே போய்விட்டோம்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மனுவை எழுத்தாகவும் ஊராட்சிச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். 63 பெற்றோர் கையெழுத்து, அதில் ஏரிக்கரையிலிருந்து ஏழு கைநாட்டு, மேட்டுத் தெருவிலிருந்து பத்தொன்பது. என் மாமியார் கையெழுத்து முதல் பக்கத்தில், கொஞ்சம் கோணலாக இருக்கும்.

சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைச் சொன்னார்கள். தயவுசெய்து கிராம சபைக்கு முன்னால் தேடி வையுங்கள். பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டு வாரமாகத் தினமும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு வருகிறேன். சாவி போட்டால் திறக்கும்.

இப்படிக்கு,
மேட்டுத் தெரு மருமகள்
(சாயங்கால வகுப்பு, நூலகத் திண்ணை)